குறுவைக் கரண்டு

என் புருஷன் மருதையனுக்கு ஆசனவாய்க்குச் சற்று மேலே கட்டி. ஊரே கூடி அதை மூலம் என்று தீர்மானித்துக் கருணைக்கிழங்காக ஊட்டித் தள்ளிய பிறகு, தஞ்சாவூர் டாக்டர் புற்றுநோய் என்றார்.

ஆபரேஷனுக்கு முன்னால் கதிர்வீச்சு வேண்டுமாம். எங்கள் ஊரில் அதற்குக் கரண்டு வைப்பது என்று பேர். அதில் இரண்டு வழி. ஒன்று ஐந்தே நாள். அடுத்த வாரமே கத்தி. மற்றது ஐந்து வாரம், மாத்திரையோடு. பிறகு இரண்டு மாதம் காத்திருக்க வேண்டும்.

"நோய் திரும்பாம இருக்க ரெண்டும் ஏறக்குறைய ஒண்ணுதாம்மா. ஆனா கட்டி ரொம்பக் கீழே இருக்கு. நீளமா வச்சா நல்லா சுருங்கலாம், மலம் போற வழி தப்பிக்கலாம். இல்லேன்னா ஆயுசுக்கும் வயித்துல மலப் பைதான்" என்றார் டாக்டர்.

"அப்ப ஒண்ணு சீக்கிரம் அறுக்கிற குறுவை, இன்னொண்ணு நாளெடுக்கிற சம்பா. எனக்குக் குறுவையே வைங்க" என்றார் இவர். டாக்டரும் நெல் விளையும் குத்தாலத்துக்காரர்தான், சிரித்துவிட்டார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாங்கள் உழுவது மிராசுதாரின் குத்தகை நிலம். ஒரு போகம் தரிசாகக் கிடந்தால் போதும், காரியஸ்தர் பஞ்சநதம் ஆளோடு வந்து வரப்பில் நிற்பார்.

"பைதானே, மாட்டிக்கிட்டுப் போறேன். நிலம் போனா எதை மாட்டிக்கிறது?" என்றார் இவர்.

என் தம்பி காத்தான் கட்சியில் கிளைச் செயலாளர். உழுபவருக்கே நிலம் என்று மேடையில் கத்தியே தொண்டை கட்டியவன். "மச்சான் சொல்றது கரெக்ட்டுக்கா. எம்.எல்.ஏ.கிட்ட சொல்லி அஞ்சு நாளை மூணாக்கிடலாம்" என்றான்.

அட அறிவுக்கொழுந்தே! கரண்டு என்ன மினி பஸ் பர்மிட்டா?

"அவ்வளவு நாள் நான் இங்க கிடந்தா, சாகுபடிக்கு யாரு இருக்கா?" என்றார் இவர். தம்பி மின்விசிறியைப் பார்த்தான். டாக்டர் மேசையைப் பார்த்தார். ஒருவர் கண்ணிலும் நான் படவில்லை. கல்யாணமான நாள் முதல் அந்த வயலில் நாற்றுப் பறித்ததும் நட்டதும் களையெடுத்ததும் ஏதோ பேய் பிசாசு போலிருக்கிறது.

"ஏங்க, நான் என்ன செத்தா போயிட்டேன்? டாக்டர், நீளமானதையே வைங்க" என்றேன்.

"பஞ்சநதம் வந்தா?" என்றார் இவர்.

"வரட்டும்."

காத்தானை ஆஸ்பத்திரியில் துணைக்கு உட்கார வைத்தேன். அவன் இல்லாமலும் கட்சி நன்றாகவே நடந்தது.

பஞ்சநதம் நடவன்று வந்தார், சலவை வேட்டியோடு. "ஆம்பளை இல்லாத வயலாச்சே, செவ்வந்தி" என்று இழுத்தார்.

"இறங்கி வாங்க, யாரு இருக்கான்னு தெரியும்" என்றேன். நடவுப் பெண்கள் அத்தனை பேரும் சேற்றுக் கையோடு நிமிர்ந்தார்கள். அவர் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடையைக் கட்டினார்.

கட்டி சுருங்கியது. ஆபரேஷனில் வழியும் தப்பியது. புண் ஆறும்வரை மூன்று மாதம் மட்டும் பை என்றார் டாக்டர். அன்று ஆஸ்பத்திரி மாடிப்படியில் உட்கார்ந்து ஒரு பாட்டம் அழுதேன்.

வீட்டுக்கு வந்ததும் பார்க்க வந்தவர்களிடமெல்லாம் இவர் மார்தட்டினார்: "இந்த உடம்போட ஒரு போகம்கூட நான் தரிசு போடலையே!"

பக்கத்தில் அவர் பையைக் கழுவிக்கொண்டிருந்தேன். பீற்றிக்கொள்ள மனுஷன் உயிரோடு இருக்கிறாரே, அது போதும் என்றுதான் இருந்தது. இருந்தாலும் தண்ணீரைக் கொஞ்சம் பலமாகவே ஊற்றினேன்.