அடிக்கு ஒன்றரை அங்குலம்

"கோழிக் கூண்டுக்குள்ளயா வலை கட்டப் போறீங்க? இந்தப் பக்கம் கோழி முட்ட போடும், அந்தப் பக்கம் உங்க பொண்ணுங்க பந்து போடும். நல்லா இருக்குதுய்யா நாயம்."

ஜைத்தூன் பீவியின் குரல் பக்கத்துத் தெரு வரைக்கும் கேட்டது. நான் மாடியில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தேன். காயப்போடத் துணி தீர்ந்த பிறகும் இறங்கவில்லை.

"பாயம்மா, பிளான்ல அப்படித்தான் போட்டிருக்குது. நான் என்ன பண்ணட்டும்?" என்றார் காண்டிராக்டர் ஜெயராஜ். கையில் முனிசிபாலிட்டி சீல் குத்திய தாள். அதில் உள்ளபடி டேப்பைப் பிடித்தால், பூப்பந்து கோர்ட்டின் கடைசிக் கோடு பீவியின் கம்பி வேலியைத் தாண்டி, கோழிக் கூண்டில் போய் முடிந்தது.

"பிளான் போட்டவரக் கூப்பிடு."

"கூப்பிட வேணாம், இங்கதான் நிக்கறேன்" என்றார் கோவிந்தசாமி. "என் அளவு தப்பாது. காலமெல்லாம் அச்சு புடிச்ச கை இது."

"அப்ப என் வூடுதான் தப்பா வந்து நிக்குதா?"

"அப்படி நான் சொல்லல. பார்க்கு எடம் கொறையுது. கொறைஞ்ச எடம் எங்கியாவது போயிருக்கணும்ல?"

இதை அவர் மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் அன்று சாயங்காலத்துக்குள் தெருவில் ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோருக்கும் அது தெரிந்துவிட்டது. நானும் இரண்டு வீட்டில் சொன்னேன்.

எங்கள் நகருக்கு மனை பிரித்தபோதே பூங்காவுக்கென்று ஒதுக்கிய இடம் அது. எருமை கட்டினார்கள், பீங்கான் கம்பெனியில் உடைந்து தள்ளிய ஜாடிகளைக் கொட்டினார்கள், பூங்கா மட்டும் வரவில்லை. இலவச கலர் டிவிக்கு டோக்கன் கொடுத்த வருடம்தான் முனிசிபாலிட்டிக்கு ஞானம் பிறந்தது. "உங்களுக்கு என்னென்ன வேணும்னு நீங்களே பிளான் போட்டுக் குடுங்க, மார்ச்சுக்குள்ள முடிக்கணும்" என்று எங்கள் நலச் சங்கத்திடம் சொன்னார்கள்.

வேண்டியதைக் கேட்கச் சொன்னால் எங்கள் ஆட்கள் விடுவார்களா? சங்கத் தலைவர் ஆதிநாராயணனுக்குச் சர்க்கரை. ஆகவே நடைபாதை வேண்டும் என்றார். சீட்டாட்டக் கோஷ்டிக்கு நிழலில் பெஞ்சு. பிள்ளை பெற்றவர்களுக்கு ஊஞ்சலும் சறுக்கு மரமும். கோவிந்தசாமியின் மகள் பூர்ணிமாவுக்கு மட்டும் ஒரே ஒரு பூப்பந்து கோர்ட்.

இது இறகுப் பந்து இல்லை. மஞ்சள் கம்பளிப் பந்தை மட்டையால் அடிக்கிற ஆட்டம். பூர்ணிமா அதில் கெட்டிக்காரி. அவள் பழகிக்கொண்டிருந்த ஸ்கூல் மைதானத்தில் புதுக் கட்டடம் எழும்பிவிட்டது. சித்திரையில் மாவட்ட டீமுக்கு ஆள் எடுக்கிறார்கள். எடுபட்டால் விளையாட்டுக் கோட்டாவில் வேலைக்கு முயற்சி செய்யலாம். எடுபடாவிட்டால் வைகாசியில் திட்டக்குடிப் பக்கத்து மங்களூர் அத்தை மகனோடு கல்யாணம் என்று கோவிந்தசாமி வாக்குக் கொடுத்திருந்தார். அந்தப் பையன் நல்ல பையன்தான். வாயைத் திறந்தால் உர விலையைத் தவிர வேறு பேச்சு வராது, அவ்வளவுதான்.

பிளான் போட கோவிந்தசாமியைவிட்டால் ஆளில்லை என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னோம். பீங்கான் கம்பெனியில் ஜாடிக்கு அச்சு செய்கிற பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு நாள் பூராவும் வெயிலில் டேப் பிடித்து, கோணல் இல்லாமல் அழகாக வரைந்து கொடுத்தார். முனிசிபாலிட்டியில் அளந்து பார்த்தார்களா என்றால், அவர்கள் எதற்குப் பார்க்கப் போகிறார்கள்? சீல் குத்தினார்கள். ஜெயராஜ் மேற்கே ஆதிநாராயணன் வீட்டுச் சுவர்ப் பக்கமிருந்து ஆரம்பித்து நடைபாதை, பெஞ்சு, ஊஞ்சல் என்று சிமெண்ட் போட்டுக்கொண்டே கிழக்கே வந்தார். கடைசியாகக் கோர்ட்டுக்கு வந்தபோதுதான் கோழி குறுக்கே நின்றது.

மறுநாள் ஆதிநாராயணன் கயிறும் ஆளுமாக வந்து, தெருவே பார்க்க, பீவியின் மனையை அளந்தார். பத்திரத்தில் இருப்பது அப்படியே இருந்தது.

"அளந்தாச்சா? அப்படியே உங்க வூட்டையும் அளந்துடுங்க" என்றாள் பீவி.

அளந்தார்கள். அதுவும் சரியாக இருந்தது. வடக்கே, தெற்கே, எல்லோரையும் அளந்தார்கள். யாரும் ஒரு சாண் தின்றிருக்கவில்லை. ஆனால் பூங்கா குறைகிறது. இது என்ன கூத்து என்று யாருக்கும் விளங்கவில்லை. மனை பிரித்தவன் அப்போதே ஏமாற்றிவிட்டான் என்றது சீட்டாட்டக் கோஷ்டி. நெய்வேலியில் மண்ணைத் தோண்டுகிறார்களே, அதனால் இங்கே நிலம் இழுத்துக்கொண்டதோ என்று ஒருவர் கேட்டார். அதையும் நான்கு பேர் உட்கார்ந்து யோசித்தார்கள். எனக்கே ராத்திரி எங்கள் சமையலறை சின்னதாகிவிட்டது போல இருந்தது. கணக்கு எப்படிப் போனாலும் பீவியைப் பார்க்கிற பார்வையை மட்டும் ஒருவரும் மாற்றிக்கொள்ளவில்லை. அவள் வீட்டுக் கோழி முட்டை வாங்குவதைக்கூடச் சிலர் நிறுத்தினார்கள்.

முனிசிபாலிட்டி ஓவர்சீயர் வந்து பார்த்தார். "போட்ட சிமெண்ட ஒடைக்க முடியாது. மார்ச்சு முடியப் போவுது. மிச்சம் இருக்கற எடத்துல கோர்ட்டச் சின்னதாப் போட்டு முடிச்சுடுங்க."

"சின்னக் கோர்ட்டுல பழகிட்டு செலக்‌ஷனுக்குப் போனா அங்க கோர்ட்டு பெரிசா இருக்கும் சார்" என்றாள் பூர்ணிமா. "பாதி பந்துக்கு ஓடி எட்ட மாட்டேன்."

"அப்ப வேகமா ஓடும்மா" என்றார் ஓவர்சீயர்.

அந்த நேரத்தில்தான் கோவிந்தசாமியின் மனைவி கண்ணம்மாள் எல்லோருக்கும் டீ கொண்டுவந்தாள். ஜெயராஜ் டேப்பைப் பிடித்தபடி, "கெழமேல பிளான்ல தொண்ணூறு அடி, தரையில எண்பது அடி. எந்தப் பக்கம் பாத்தாலும் இதே மாதிரி எட்டுல ஒண்ணு ஒதைக்குது" என்று புலம்பினார். கண்ணம்மாள் டம்ளர் தட்டைக் கீழே வைத்தாள்.

"ஏங்க, இதுலயும் சேத்துட்டீங்களா?"

"எத?"

"அடிக்கு ஒன்ற அங்குலம்."

கோவிந்தசாமி ஜெயராஜ் கையிலிருந்த பிளானை வாங்கிப் பார்த்தார்.

கண்ணம்மாள் எங்களைப் பார்த்துச் சொன்னாள்: "பச்சைக் களிமண்ணு காஞ்சி வெந்தா சுமாரா எட்டுல ஒரு பங்கு சுருங்கிடும். அதனால அச்சு செய்யறப்ப அடிக்கு ஒன்ற அங்குலம் சேத்துத்தான் அளவு எழுதணும். இவரு கம்பெனிய வுட்டு வந்தாரு, பழக்கம் இவர வுட்டுப் போவல. வெளிய வெயில்லயும் மழையிலயும் கெடக்குதே கட்டிலு, ஏன்னு நெனச்சீங்க? ரூம்புக்குள்ள நொழையல. எனக்கு எடுத்தாந்த மெட்டி இன்னிக்கி வரைக்கும் வெரல்ல நின்னதில்ல."

"எழுதும்போதே கை தானாச் சேத்துடும்" என்றார் கோவிந்தசாமி, யாரையும் பார்க்காமல். "வெந்து வரும்போது சரியாயிடும்னு..."

"அப்ப இந்தப் பார்க்கத் தூக்கிச் சூளையில வச்சு எடுக்கணும்ணே" என்றார் ஜெயராஜ்.

ஆதிநாராயணன் சிரிக்கவில்லை. கயிறு பிடித்தவர் அவரல்லவா. மெல்லத் தன் வீட்டுப் பக்கம் நழுவினார்.

காணாமல் போன நிலம் கிடைத்துவிட்டது. ஆனால் கோர்ட்டுக்கு இடம் அதே குறைச்சல்தான். பூர்ணிமா அன்று சாயங்காலமே பீவி வீட்டு வாசலில் போய் நின்றாள். நானும் கறிவேப்பிலை கேட்கிற சாக்கில் போயிருந்தேன்.

"அத்த, வேலிய மட்டும் கொஞ்சம் உள்ளாற தள்ளிப் போட்டா கோர்ட்டு முழுசா வந்துடும். எடம் உங்களுதுதான். செலக்‌ஷன் வரைக்கும் குடுங்க போதும்."

"உங்கப்பா என்னத் திருடின்னாரு."

"வாய்விட்டுச் சொல்லல அத்த."

"சொல்லலம்மா. எங்கியாவது போயிருக்கணும்லன்னாரு. அது அதவிட மோசம்." பீவி முறத்தில் அரிசியைத் தட்டிக்கொண்டே இருந்தாள். "தெருவே கூடி நிக்கயில என் கொல்லையில கயிறு போட்டாங்க. ஒரு ஆளு வேணாம்னு சொன்னீங்களா?"

கறிவேப்பிலைக்கு வந்த என்னையும் பீவி ஒரு பார்வை பார்த்தாள்.

உள்ளேயிருந்து அவள் மகள் அர்ஃபா வந்தாள். காலேஜ் முதல் வருடம். வேலி தாண்டி விழுகிற பந்தை இத்தனை நாளாக எறிந்து கொடுத்தவள். பல சமயம் பூர்ணிமா அடித்ததைவிட வேகமாக எறிவாள்.

"ம்மா, குடுத்தா நானும் ஆடுவேன்" என்றாள்.

பீவி முறத்தைக் கீழே வைத்தாள். வேலி வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

"மூணு சங்கதி" என்றாள் கடைசியில். "வேலிக்குத் தெருப்பக்கம் ஒசரமா படுதா கட்டணும், போறவன் வர்றவன் வேடிக்க பாக்கக் கூடாது. இவளையும் சேத்துக்கணும். உங்கப்பாரு என் வாசலுக்கு வந்து, எல்லாரும் கேக்க, எடம் எங்கியும் போவலன்னு சொல்லணும். அப்புறம், அளக்கறது அவரு இல்ல."

நான்காகிவிட்டதே என்று நான் சொல்லவில்லை.

கோவிந்தசாமி வந்தார், சட்டை மாற்றிக்கொண்டு. "எடம் எங்கியும் போவல. என் கையிலதான் இருந்துச்சு" என்றார். பிறகு பூர்ணிமாவும் அர்ஃபாவும் டேப்பின் இரண்டு முனையைப் பிடித்தார்கள். கோழிக் கூண்டு கிணற்றடிக்கு மாறியது. "அங்க கொஞ்சம் கூடுதலா வுட்டா..." என்று அவர் ஆரம்பித்தார்.

"அண்ணே, நீங்க டீ குடிங்க" என்றாள் பீவி.

சித்திரையில் பூர்ணிமா எடுபட்டாள். அர்ஃபா எடுபடவில்லை, ஆனால் அடுத்த வருடம் காலேஜ் டீமில் ஆடினாள். மங்களூர்க்காரர்கள் ஒரு வருடம் காத்திருந்தார்கள், பிறகு கோபித்துக்கொண்டு பையனுக்குத் திட்டக்குடியில் பெண் எடுத்தார்கள். அவளுக்கும் உர விலை நன்றாகத் தெரியுமாம். ஆதிநாராயணன் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு மகனோடு செங்கல்பட்டுக்குப் போய்விட்டார். அவர் கேட்டு வாங்கிய நடைபாதை இன்றும் கோர்ட்டுக்கு முன்னால் வந்து நின்றுவிடும். நடக்கிறவர்கள் அங்கே வந்து திரும்பிக்கொள்வார்கள். அர்ஃபா பரங்கிப்பேட்டையில் வாழ்க்கைப்பட்டு, ஷார்ஜாவுக்குப் போனாள். வேலியைப் பழைய இடத்துக்குத் தள்ளச் சொல்லி பீவி இதுவரை கேட்கவில்லை.

பூர்ணிமா ரயில்வே வேலை கிடைத்துத் திருச்சிக்குப் போய், அங்கேயே கூட வேலை பார்க்கிறவரைக் கட்டிக்கொண்டாள். மாப்பிள்ளை மோதிரத்துக்கு அளவு கொடுத்தது கோவிந்தசாமி. மாப்பிள்ளை இன்றும் நூல் சுற்றித்தான் போட்டுக்கொண்டிருக்கிறாராம்.