மேடைக்கு முன்னால் மூன்று நிமிடம்

கல்யாணத்துக்கு வருகிறவர்கள் எல்லாருக்கும் நான் வெறும் வீடியோ. "வீடியோ, இங்க வாங்க", "வீடியோ சாப்பிட்டாச்சா", "வீடியோ, எங்க மாமாவை ஒரு தடவை எடுங்க, கோவிச்சுப்பார்". பதினாறு வருஷமாக இந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்த்துப் பழகிவிட்டேன். அன்றைக்குத் திட்டு வாங்குவதில் மாப்பிள்ளைக்கு அடுத்த இடமும் எனக்குத்தான். அதனால் நான் வீடியோ எடுத்த ஒரு கல்யாணத்தின் பெண் போனில் "அண்ணா" என்று ஆரம்பித்ததுமே எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"அண்ணா, அப்பா தவறிட்டாங்க."

அவள் கல்யாணம் நடந்து பதினோரு நாள்தான் ஆகியிருந்தது. "ஐயையோ" என்றேன்.

"முழு வீடியோவுக்கு அவசரமில்லண்ணா, எப்ப வேணா குடுங்க. அப்பா மேடையில பேசினதை மட்டும் குடுத்துருங்க. பழைய வீடியோல இருக்கற குரல் யாரோ மாதிரி இருக்கு. விழுந்ததுக்கப்புறம் அவர் கத்துக்கிட்ட குரல் இதுல மட்டும்தான் இருக்கு. போன்ல பேசினா 'ம்' தவிர வேற எதுவும் வராது அவருக்கு."

"நாளைக்கே தரேம்மா," என்றேன். என் வாய் எப்போதும் இப்படித்தான், மூளைக்கு முன்னால் ஓடும்.

அந்தப் பேச்சை நான் மறக்கவில்லை. ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் அவர் பக்கவாதத்தில் விழுந்தவர். வலது கையும் போய், பேச்சும் போய்விட்டது. பேச்சுப் பயிற்சிக்குப் போய் ஒவ்வொரு வார்த்தையாகச் சேர்த்துக்கொண்டு வந்தவர். மேடையில் இடது கையில் மைக்கைப் பிடித்துக்கொண்டு, "என் பொண்ணு... நல்ல பொண்ணு. வந்தவங்க எல்லாருக்கும்... நன்றி" என்றார். அவ்வளவுதான். அதைச் சொல்லி முடிக்க ஒரு நிமிடம் ஆனது. ஹாலே மூக்கை உறிஞ்சியது. ஊர்க் கல்யாணமெல்லாம் பார்த்து மரத்துப்போன நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

எங்கள் வீட்டில் எடிட்டிங் என் மனைவி. நான் எடுப்பேன், அவள் வெட்டுவாள். என் அசட்டுத்தனங்கள் எதுவும் வெளியே தெரியாமல் இத்தனை வருஷம் வெட்டி எறிந்தவளும் அவள்தான். போனை வைத்ததும் அவளிடம் சொன்னேன். அவள் கேமராவின் மெமரி கார்டுகளை ஒவ்வொன்றாகத் திறந்தாள். பிறகு மறுபடி முதலிலிருந்து திறந்தாள்.

"ஏங்க, அந்தப் பேச்சு எதுல இருக்கு?"

"ரெண்டாவது கார்டு."

"ரெண்டாவது கார்டுல தரைதான் இருக்கு."

எட்டிப் பார்த்தேன். மேடைக்குப் பின்னால் இருக்கும் நடையின் தரை, ஒரு கதவின் அடிப்பக்கம், என் வலது கால் ஷூ. மூன்று நிமிடம் இதுதான். கடைசியில் தரை விலகி, மேடை விளக்கு ஒரு நொடி தெரிந்து, சட்டென்று நின்றுவிட்டது. அடுத்த படம் கைதட்டலில் ஆரம்பித்தது.

என்ன நடந்தது என்று சொல்கிறேன். இந்த வேலையில் இருக்கிறவனுக்கு இதைவிட அவமானம் கிடையாது. கேமராவில் ஒரே பட்டன்தான். ஒருமுறை அமுக்கினால் ஓடும், இன்னொரு முறை அமுக்கினால் நிற்கும். அறையிலிருந்து அவர் நடந்து வந்ததை எடுத்தவன், நிறுத்த மறந்து, கேமராவை ஓட ஓட இடுப்பில் தொங்கவிட்டிருக்கிறேன். மேடையில் அவர் மைக்கைத் தொட்டதும் கேமராவைத் தூக்கி, ஆரம்பிப்பதாக நினைத்து அமுக்கியிருக்கிறேன். நின்றுவிட்டது. அவர் பேசி முடித்ததும் நிறுத்துவதாக நினைத்து அமுக்கினேன். ஓடியது. மூலையில் சிவப்புப் புள்ளி எரிகிறதா என்று ஒரு தடவை பார்த்திருந்தால் போதும். நேற்று வந்த பயல்கூடப் பார்ப்பான். நான் பார்க்கவில்லை.

இன்னொரு கேமரா இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. ஐந்தரை மணி வெயிலில் ஜோடியைத் தோட்டத்தில் எடுக்கவேண்டும் என்று அதை ஸ்டாண்டோடு கழற்றி முன்கூட்டியே வெளியே கொண்டுபோய் வைத்த புத்திசாலி நான்தான். அந்த மஞ்சள் வெளிச்சம் எனக்குப் பைத்தியம். இருபது நிமிடம்தான் இருக்கும், போனால் போனதுதான்.

விருந்தாளிகளின் போன்கள்? அதுவும் என் கைங்கரியம்தான். அவர் மேடை ஏறும்போது நாற்பது கைகள் போனோடு உயர்ந்தன. எனக்கு எப்போதும் வருகிற எரிச்சல் வந்தது. "எல்லாரும் போனைக் கீழ இறக்குங்க, நாங்க எடுக்கறோம்ல? எல்லாருக்கும் வரும்!" என்று கத்தினேன். நல்ல மனிதர்கள். ஒருவர் விடாமல் இறக்கினார்கள்.

இரண்டு நாள் போன் மேல் போன் போட்டேன். மைக் செட்காரர் எதையும் பதிவு செய்யவில்லை. போட்டோகிராபரிடம் இருபத்தேழு படம் இருந்தது, எல்லாவற்றிலும் அவர் வாய் திறந்திருந்தது, சத்தம்தான் இல்லை. மாப்பிள்ளையின் நண்பர்களிடம், "சும்மா, வேற கோணம் கிடைக்குமான்னு பார்த்தேன்" என்று இளித்தேன். பெண்ணின் அத்தையிடம் கேட்டபோது அந்த அம்மாள், "நீங்கதானேப்பா வைக்கச் சொன்னீங்க? இல்லன்னா நான் எடுத்திருப்பேனே" என்றார். அவருக்கு விஷயம் தெரியாது. எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

இதற்குள் அந்தப் பெண் நான்கு தடவை கூப்பிட்டுவிட்டாள். நான் எடுக்கவில்லை. எங்கேயாவது ஓடிப்போய்விடலாமா என்றுகூட யோசித்தேன், சத்தியமாக. அவளுக்குக் கொடுக்க என்னிடம் ஒன்றுமில்லை. அப்பா இனிமேல் இன்னொரு தடவை பேசப்போவதும் இல்லை.

மூன்றாம் நாள் காலை, என் மனைவி ஹெட்போனைக் கழற்றி என் காதில் மாட்டினாள். அந்தத் தரைப் படத்தைச் சத்தம் கூட்டி வைத்திருந்தாள்.

ஷூ தெரிந்தது. மூச்சு வாங்குவது கேட்டது. பிறகு அவர் குரல், மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையையும் கையால் தள்ளிக்கொண்டு வருவது போல. மேடையில் பேசவேண்டியதைத் தனக்குத்தானே சொல்லிப் பார்க்கிறார்.

"என் பொண்ணு... நல்ல பொண்ணு. அம்மாடி... அன்னைக்கு நான் விழுந்தது... உன்னால இல்ல. சண்டை போட்டோம்... அதனால இல்ல. உன்னால... இல்ல."

அடுத்து என் குரல் வந்தது. அதற்கப்புறம் வந்ததையும் கேட்டேன். ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். இப்படி ஒன்றைச் சொன்னது எனக்கு ஞாபகமே இல்லை. அதுதான் என்னை அதிகமாக வதைத்தது.

"நான் பேசற இடத்தை மட்டும் எடுத்துரு," என்றேன்.

"எடுத்தா அவரு பதில் சொன்னதும் போயிடும்."

"போகட்டும்."

அவள் நாற்காலியை விட்டு எழுந்தாள். "நீங்களே வெட்டிக்கங்க."

வெட்டினேன். இருபது நொடி. வெட்டிய இடம் தெரியாமல் மூச்சுச் சத்தத்தை இழுத்து ஒட்டினேன். இவ்வளவு சுத்தமாக நான் வேலை செய்ததே இல்லை.

மத்தியானம் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். அவள் அம்மா உள்ளே படுத்திருந்தார். அவள் கூடத்தில் அப்பாவின் மருந்துச் சீட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். "வாங்கண்ணா, போனை எடுக்கவே இல்லையே நீங்க" என்று தண்ணீர் கொண்டுவந்தாள். அந்தத் தண்ணீரை நான் குடிக்கவில்லை.

மேடைப் பேச்சு பதிவாகவில்லை என்பதைச் சொன்னேன். பட்டன் கதையையும் சொன்னேன், போன்களை இறக்கச் சொன்னதையும் சொன்னேன். அவள் திட்டவில்லை. "கொஞ்சம்கூடவா இல்ல? ஒரு வார்த்தைகூடவா?" என்று இரண்டு தடவை கேட்டாள். திட்டியிருந்தால் தேவலை.

"வேற ஒண்ணு இருக்கும்மா," என்று லேப்டாப்பைத் திறந்தேன். "படம் இல்ல. குரல் இருக்கு."

கேட்டாள். "உன்னால இல்ல" வந்ததும் கையை வாயில் வைத்துக்கொண்டாள். மறுபடி போடச் சொன்னாள். மூன்றாவது தடவை அவளே போட்டாள். அழுகையோடு சிரிப்பும் வந்தது அவளுக்கு. "மாப்பிள்ளை விஷயமா நான்தான் அன்னைக்குக் கத்தினேன்ணா. கத்திட்டு இருக்கும்போதே சாஞ்சிட்டாரு. ஒன்றரை வருஷமா நான் சரியாத் தூங்கல." எனக்கு உயிர் வந்தது. வெட்டியது நல்லதாயிற்று என்றுகூட நினைத்தேன், வெட்கமில்லாமல்.

பிறகு அவள் முகம் மாறியது.

"ஏண்ணா, மேடையில இதைச் சொல்லலையே அவர்?"

நான் சார்ஜர் வயரைச் சுருட்ட ஆரம்பித்தேன்.

"மறந்திருக்க மாட்டார். இவ்ளோ பழகினதை மறக்க மாட்டார்." கொஞ்ச நேரம் திரையையே பார்த்தாள். "மேடையில என் மூஞ்சியைப் பார்த்ததும் அன்னைக்கு நடந்தது ஞாபகம் வந்திருக்கும். சொல்ல மனசு வரல. உண்மை அதுதானே. என்னாலதானே விழுந்தாரு."

அழாமல், கணக்குச் சரியாகிவிட்ட மாதிரி சொல்லிவிட்டு, சீட்டுகளை மறுபடி அடுக்க ஆரம்பித்தாள். நான் வெட்டிய இருபது நொடி அவளை எங்கே கொண்டுபோய் விட்டிருக்கிறது என்று பார்த்தேன். என்னைக் காப்பாற்றிக்கொள்ள அவள் அப்பாவை மாட்டிவிட்டிருக்கிறேன். ஆயுசுக்கும் இப்படித்தான் நினைத்துக்கொண்டிருப்பாள்.

"இல்லம்மா. அவர் மனசு மாறல. நான்தான் சொல்ல வேணாம்னு சொன்னேன்."

அவள் நிமிர்ந்தாள்.

"அந்த இடத்தை வெட்டிட்டேன். முழுசும் இதுலயே இருக்கு."

"போடுங்க."

போட்டேன். தரை, ஷூ, அவர் குரல். "உன்னால... இல்ல." பிறகு நான், அவசரத்தில், ரொம்ப அக்கறையானவன் மாதிரி: "ஐயா, கல்யாண மேடையில எதுக்கு விழுந்த கதையெல்லாம்? பொண்ணு அழுதா மேக்கப் போயிடும். சந்தோஷமா ரெண்டு வார்த்தை சொல்லுங்க, போதும். வெளிச்சம் வேற போய்ட்டிருக்கு."

மூச்சு. நடையில் யாரோ சிரித்துக்கொண்டு போகிறார்கள். அவர் வார்த்தையைத் தேடுகிறார். அதற்குக்கூட நான் நேரம் கொடுக்கவில்லை, "வாங்கய்யா, வாங்கய்யா" என்கிறேன்.

"சரி தம்பி," என்றார் அவர். "நீங்க சொன்னா... சரி. அதை... வீட்டுல வந்து... சொல்லிக்கிறேன்."

அவள் திரையைத் தொட்டாள். தரைதான் தெரிந்தது. என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. நான் எழுந்து நின்றேன், அவள் உட்காரச் சொல்லவும் இல்லை, போகச் சொல்லவும் இல்லை.

"ஹால்ல இருந்து நேரா ஏர்போர்ட் போய்ட்டோம்ணா," என்றாள். "வீட்டுக்கு வரவே இல்ல."