பாதியில் நின்ற தொரை கதை

எண்ணெய்க் கிண்ணத்தை மாமா நீட்டியதும் லோகேஸ்வரி எழுந்தாள். அவளை முந்திக்கொண்டு குமுதா வாங்கிவிட்டாள்.

"தூரத்துலேருந்து வந்த புள்ள, மொதல்ல அது வைக்கட்டுமே லா," என்றார் மாமா.

"மூத்தவ நான் இருக்கேன்ல?"

மலேசியாவில், கிள்ளான் வீட்டின் கார் நிறுத்துமிடத்தில், இறந்துபோன அப்பாவை நாற்காலியில் சாய்த்து உட்காரவைத்திருந்தார்கள். பிள்ளைகள் தலைக்கு எண்ணெயும் அரப்பும் வைத்த பிறகுதான் குளிப்பாட்டுவார்கள்.

ஆறு வருஷமாக அந்தத் தலைக்கு எண்ணெய் வைத்தவள் குமுதா. வந்தவர்களோ லோகேஸ்வரியைத்தான் சூழ்ந்துகொண்டார்கள். லியோனில் பிரெஞ்சு சரித்திரம் சொல்லிக்கொடுக்கிறாளாம். அதைப் பிரான்சுக்குள்ளேயே உட்கார்ந்து எழுத முடியாதாம். சைகோன், காரைக்கால், கிள்ளான் தோட்டம் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் எழுத வேண்டுமாம். அதற்காக அப்பா வாரா வாரம் போனில் அவளிடம் மணிக்கணக்காகப் பேசினார். குமுதாவிடம் பேசியது மாத்திரை, மலச்சிக்கல்.

"அப்பா குரல் போன்ல இருக்காம்மா?" யாரோ கேட்டார்கள்.

லோகேஸ்வரி போனைத் தட்டினாள். பதிவில் அப்பா பேசினார்.

"சைகோன்லேருந்து நம்ம தோட்டத்துக்கு வந்தாரும்மா அந்த பிரெஞ்சு தொரை. எங்கப்பாகிட்ட கொஞ்சம் தமிழ் பேசுவாரு. காரைக்கால் ஆயாகிட்ட கத்துக்கிட்டாராம். ஒரு நாளு என்னைய பங்களாவுக்குக் கூப்பிட்டு..."

குமுதா இதைக் கேட்டதே இல்லை. ஒரே வீடு, அப்பா ஒரு வார்த்தை சொன்னதில்லை.

"அப்பா, கஞ்சி ஆறுது!" போனுக்குள் அவளுடைய குரலே கத்தியது.

"இரும்மா, அக்கா கூப்பிடுறா." நாற்காலி நகரும் சத்தம்.

"எல்லா ரெக்கார்டிங்கும் இப்படித்தான்க்கா முடியும்," என்றாள் லோகேஸ்வரி. "நீ ஒரு சத்தம் கொடுத்தா போதும், என்னை அப்படியே விட்டுட்டு எழுந்துருவாரு. எரிச்சலா வரும்."

குமுதா தங்கையின் முகத்தைப் பார்த்தாள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

"அப்புறம் பங்களாவுல என்னாச்சாம்?"

"தெரியாதுக்கா. அடுத்த வாரம் கேக்கலாம்னு இருந்தேன்."

பதிவு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. தள்ளி எங்கோ கிண்ணத்தில் கரண்டி இடித்தது. அப்பா ஏதோ முணுமுணுத்தார். குமுதா வாய்விட்டுச் சிரித்தாள்.

"அங்க என்னக்கா சொன்னாரு? எத்தனையோ தடவ கேட்டுட்டேன், புரியல."

குமுதாவுக்கு நன்றாக நினைவிருந்தது.

"மறந்துபோச்சு," என்றாள். பிறகு கிண்ணத்தைத் தங்கையிடம் நீட்டினாள்.

"நீயே மொதல்ல வை."