செம்போத்துக் கறி

வயலுக்குப் புறப்படும்போது செம்போத்து குறுக்கே போனால் துரைராசுவுக்கு அன்றைக்கு முழுக்கச் சிரித்த முகம்தான். கொல்லை மூங்கில் புதரில் ஒரு ஜோடி இருந்தது. செங்கல் நிறச் சிறகும் ரத்தச் சிவப்புக் கண்ணுமாக அவை வேலியோரம் நடந்துபோனால், "வேம்பு, மகாலட்சுமி போறா பாரு" என்று பெண்டாட்டியைக் கூப்பிட்டுக் காட்டுவான்.

குத்தகைக்காரர்கள் தங்கள் பேரைத் தாலுகா ஆபீசில் பதிந்துகொள்ளலாம் என்று சட்டம் வந்திருந்த சமயம் அது. வலங்கைமானுக்குப் பக்கத்தில், அப்பன் காலத்திலிருந்து அவர்கள் உழுத நிலம் மிராசுதார் குஞ்சிதபாதத்துடையது. துரைராசு மனுக் கொடுத்ததும், நிலத்தை விட்டுவிடச் சொல்லி ஆள் வந்தது. அவன் விடவில்லை.

குறுவை நடவன்றும் செம்போத்து குறுக்கே போனது. "இன்னிக்கு ஒருத்தனும் கிட்ட வரமாட்டான்" என்று சொல்லிவிட்டுத்தான் நாற்றுமுடியைத் தூக்கினான். அடியாட்கள் வரப்பிலேயே காத்திருந்தார்கள். சேற்றில் தள்ளி, நெஞ்சில் ஏறி மிதித்தார்கள். போலீஸ் வந்து அவன்மீதும் ஒரு கேஸ் எழுதியது. மிராசுதாரின் ஆட்கள் அவன் நாற்றையே அங்கே நட்டார்கள்.

அதற்கப்புறம் இருமல். சளியோடு ரத்தம் வந்தது. ஆஸ்பத்திரி மாத்திரையில் ஒன்றும் கேட்கவில்லை. பக்கத்து வீட்டுப் பிரகதாம்பாள்தான் சொன்னாள்: "செம்போத்துக் கறி ஆக்கிக் குடுடி. நெஞ்சு நோவுக்கு அதுக்கு மிஞ்சி மருந்து இல்ல."

"அதைப் போயா? அவரு கும்புடுறதாச்சே அக்கா."

"கும்புட்டு என்னத்தக் கண்டாரு?"

மறுநாள் மூங்கிலடியில் வேம்பு தன் கையாலேயே கண்ணி வைத்தாள். கழுத்தைத் திருகும்போது அது அவள் விரலைக் கொத்திக் கிழித்தது.

"என்ன கறி இது?" என்றான் துரைராசு.

"காடைங்க. விக்க வந்துச்சு."

பல நாளுக்குப் பிறகு அன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டான். எலும்பைக்கூட மென்றான். வேம்பு அடுப்புப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.

மிச்சமிருந்த ஒன்று விடிந்ததிலிருந்து மூங்கிலில் கத்திக்கொண்டே இருந்தது. படுத்தபடி கேட்டுக்கொண்டிருந்தான்.

"ஒத்தையாக் கத்துதே. சோடி எங்க?"

அவள் விரலில் சுற்றியிருந்த துணியைப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். திட்டவில்லை.

"இனிமே எதப் பாத்துட்டு வயலுக்குப் போவேன் வேம்பு?"

"எந்த வயலுக்குங்க?"

நினைக்கும் முன்னே வாயிலிருந்து வந்துவிட்டது. அவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தான். அவள் அவன் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவன் திரும்பவில்லை. அதன்பிறகு அவளிடம் தண்ணீர் கேட்டதைத் தவிர அவன் எதுவும் பேசவில்லை. குறுவை அறுப்புக்கு முன்னாலேயே செத்துப்போனான்.

சம்பா நடவுக்கு மிராசுதாரின் காரியக்காரர் வாசலில் வந்து நின்றார். "ஆள் பத்தல. வர்றியா?"

உள்ளே இரண்டு பெண்பிள்ளைகள் பசியோடு கிடந்தன. வேம்பு போனாள். அதே வயல்தான். இறங்கியபோது சேறு வெதுவெதுவென்று கணுக்காலைப் பிடித்தது. பக்கத்துப் பெண்கள் அவள் முகத்தைப் பார்க்காமல் நகர்ந்து இடம் விட்டார்கள்.

"வரிசை கோணுது பாரு, நேரா நடு" என்று வரப்பிலிருந்து காரியக்காரர் சத்தம் போட்டார்.

வேம்பு நேராக நட்டாள்.