அக்கா எழுதிய நூலகம்

அக்கா ஒரு நூலகம் எழுதி முடித்துவிட்டதாகச் சொன்னபோது அப்பாவுக்குப் பிடிபடவில்லை. "நூலகம்னா கட்டுவாங்க, எழுதவா செய்வாங்க?" என்றார். மற்றவர்களும் எடுத்துப் பயன்படுத்த சி என்ற கணினி மொழியில் எழுதி வைக்கும் நிரல் தொகுப்புக்கு அப்படித்தான் பெயர் என்று அக்கா விளக்கினாள். யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம், காசு கிடையாது. எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்ட அப்பா, அன்று மாலையே பக்கத்து வீட்டுக்காரரிடம், "பெரியவ இலவச நூலகம் நடத்துறா" என்றார். நாளிதழ் வருமா என்று அவர் கேட்டாராம்.

எங்கள் வீட்டில் அப்போது ஒரே ஒரு கணினி. சாப்பாட்டு மேசையின் ஓரத்தில், பாதி மேசையை அடைத்துக்கொண்டு இருக்கும். அதில்தான் நாங்கள் இருவரும் சி கற்றுக்கொண்டோம். யார் எழுதிய நிரல் ஓடும்போது பாதியில் நின்றுபோகிறதோ அவள் நாற்காலியை விட்டு எழுந்துவிட வேண்டும் என்பது சட்டம். பெரும்பாலும் எழுந்தது நான்தான்.

அக்காவின் நூலகம் செய்தது ஒரே வேலை. இணையத்தில் பயணிக்கும் ஒவ்வொரு தகவல் துண்டும் வழியில் இருக்கும் ரவுட்டர் என்ற கருவியிடம், "நான் எந்தப் பக்கம் போகணும்?" என்று கேட்கும். ரவுட்டர் தன்னிடமுள்ள பெரிய அட்டவணையில் தேடிப் பதில் சொல்ல வேண்டும். கண் சிமிட்டும் நேரம்கூட அதற்கு ரொம்ப அதிகம். அந்தத் தேடலைத்தான் அவள் மாதக்கணக்கில் இழைத்து இழைத்து எழுதியிருந்தாள்.

நான் வேலைக்குச் சேர்ந்த இடம் வீடுகளுக்கு இணைய இணைப்பு கொடுக்கும் ஒரு சின்ன நிறுவனம். டயர் கடைக்கு மேல் மாடி. ரப்பர் வாசனையும் மின்விசிறி இரைச்சலும் எந்நேரமும் இருக்கும். பெரிய ரவுட்டர் வாங்க வக்கில்லாததால், சாதாரணக் கணினிகளில் இலவச ரவுட்டிங் மென்பொருளைப் போட்டு ஓட்டினோம். எதைப் போடுவது என்று பார்த்துச் சொல்வது என் முதல் வேலை. இரண்டு இருந்தன. ஒன்றில் எல்லா வேலையையும் ஒரே நிரல் செய்தது. இன்னொன்று பல சின்ன நிரல்களாகப் பிரிந்து, ஒன்றோடொன்று பேசிக்கொண்டது.

"ஒண்ணு கூட்டுக்குடும்பம் சார், ஒருத்தர் படுத்தா மொத்த வீடும் படுத்துடும். இன்னொண்ணு தனிக்குடித்தனம்" என்றேன் முதலாளியிடம்.

"தனிக்குடித்தனமே வைம்மா. என் வீட்டுல நடக்காதது இங்கயாவது நடக்கட்டும்" என்றார்.

அடுத்து, அந்த மென்பொருளோடு சேர்த்து நாங்களே ஒரு பகுதி எழுத வேண்டியிருந்தது. அட்டவணைத் தேடலுக்கு ஒரு நூலகம் தேவைப்பட்டது. தேறியவை இரண்டு. ஒன்று அக்காவுடையது. மற்றது 'ஆந்தை' என்ற புனைபெயரில் யாரோ எழுதியது. முதலாளியிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டேன்.

"அக்காவா? ரொம்ப நல்லதாப் போச்சு. கோளாறுன்னா வீட்டுக்கே போய்ச் சண்டை போடலாம்."

"அதுக்கில்ல சார். வேற யாராவது சோதிச்சா நல்லா இருக்கும்."

"வேற யாரு இருக்கா? நீ, நான், கீழ டயர்க்காரர்."

நானே சோதித்தேன். தேடலில் அக்காவுடையது பறந்தது. ஆந்தையுடையது பின்னால் மூச்சிரைக்க வந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. பிறகு, ஓடிக்கொண்டிருக்கும்போதே பக்கத்து ரவுட்டரின் கேபிளைப் பிடுங்கிப் பார்த்தேன். ஒரு இணைப்பு போனால் அதன் வழிகள் எல்லாம் ஒரே நேரத்தில் அட்டவணையிலிருந்து நீங்க வேண்டும். அக்காவின் நூலகம் அட்டவணையைத் திருத்தக் கதவைச் சாத்திக்கொண்டது. கேட்க வந்தவை எல்லாம் வெளியே நின்றன. ஆந்தையுடையதோ கடையைத் திறந்து வைத்துக்கொண்டே வெள்ளையடித்தது. வேகம் குறைவுதான், ஆனால் யாரையும் நிறுத்தவில்லை.

விதவிதமாக மாற்றி மாற்றிச் சோதித்தேன். எங்காவது நான் தப்பு செய்திருக்க வேண்டும் என்ற நப்பாசை. தப்பு இல்லை. இணைப்புகள் அறுவது ரவுட்டருக்கு அன்றாட விஷயம். ஆந்தையையே பரிந்துரைத்து அறிக்கை எழுதி, எல்லோரும் பார்க்கும் இடத்தில் போட்டேன். அதற்கு முன் அக்காவுக்கு ஃபோன் செய்து சொன்னேன். "சரி" என்று வைத்துவிட்டாள். அப்புறம் அவளிடமிருந்து பேச்சே இல்லை. அப்பாதான் கூப்பிட்டார். "என்னம்மா, அவ நூலகத்த இழுத்து மூடிட்டியாமே?"

ஒரு மழை நாளில் முன்னறிவிப்பில்லாமல் அக்கா மாடிப்படி ஏறி வந்து நின்றாள். புடவை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டாள், "நீ சோதிச்ச மெஷின் எது?"

"அக்கா, உட்காரு முதல்ல."

"அறிக்கையில என் நூலகத்துக்கு 'சில நேரங்களில் சிறு தாமதம்'னு எழுதியிருக்க. எவ்வளவு சிறுசுன்னு பாக்கணும்."

அவளிடம் நிஜ ரவுட்டர் இருந்ததில்லை. வீட்டில் மாறாத ஒரு அட்டவணையை வைத்துத்தான் சோதித்திருந்தாள். அந்த மெஷினில் அவள் நூலகத்தை மறுபடி ஏற்றினேன். அதன் வழியாகப் பேசும் எங்கள் இணைய ஃபோன் ஒன்றை அவள் காதில் வைத்துக்கொண்டாள். இன்னொன்றோடு என்னைப் படிக்கட்டுக்கு அனுப்பிப் பேசச் சொன்னாள். என்ன பேசுவதென்று தெரியாமல், கீழே தொங்கிய டயர் விலைப் பட்டியலை உரக்கப் படித்தேன். அவளே கேபிளைப் பிடுங்கினாள், செருகினாள், திரும்பவும் பிடுங்கினாள்.

நான் உள்ளே வந்தபோது ஃபோனை இன்னும் காதிலிருந்து எடுக்கவில்லை.

"இதுக்குப் பேரு சிறு தாமதமா? ஊமையாயிட்டடி நீ."

"உனக்குக் கஷ்டமா இருக்குமேன்னு..."

"வேணாம்னு சொன்னதுக்கு எனக்குக் கோபமே இல்ல. பூசி மெழுகியிருக்க பாரு, அதுக்குத்தான். அத நம்பி வேற எவனாவது எடுத்துப் போட்டா?"

அங்கேயே அவள் சொல்லச் சொல்ல நான் அறிக்கையைத் திருத்தினேன்: "அட்டவணை மாறும்போது நின்றுவிடும். ரவுட்டருக்குப் பயன்படுத்த வேண்டாம்."

முதலாளிக்கே மனசு கேட்கவில்லை. "கொஞ்சம் தயவு காட்டுங்கம்மா, நீங்க பெத்ததுதானே" என்றார்.

"பெத்தவ சொல்லாம வேற யாரு சார் சொல்றது?"

பிறகு என் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு ஆந்தையின் நிரலைப் படிக்க ஆரம்பித்தாள். தேநீர் ஆறிப்போனது. "யாருடி இது? கோழி கிளறின மாதிரி எழுதியிருக்கு. ஆனா ஒரு இடத்துலகூட அவசரப்படல" என்றாள். கீழே ஷட்டர் இறங்கும் சத்தம் கேட்டபோது திடீரென்று நிமிர்ந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. "ஒரு தப்பு இருக்கு!" அதைத் திருத்தி, அங்கிருந்தே ஆந்தைக்கு அனுப்பினாள். மறுநாள் பதில் வந்தது: "இத்தனை நாள் எங்கே இருந்தாய்?"

பல வருஷம் இருவரும் எழுதிக்கொண்டார்கள். தன் நூலகப் பக்கத்தின் தலைப்பிலேயே, ரவுட்டருக்கு வேண்டுமானால் ஆந்தையிடம் போங்கள் என்று அக்கா எழுதி வைத்தாள். ஒரு நாள் ஆந்தையிடமிருந்து வந்த மின்னஞ்சலில், கை நடுங்குகிறது, இனி முடியாது, இதை நீ பார்த்துக்கொள்வாயா என்றிருந்தது. "நான் சொல்லச் சொல்ல என் கணவர் தட்டுகிறார்" என்றும் ஒரு வரி. அதுவரை ஆந்தை ஒரு பெண் என்றே எங்களுக்குத் தெரியாது. அக்கா அந்த வரியைத் திரும்பத் திரும்ப வாசித்துவிட்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, சரி என்று எழுதினாள். இன்றும் அவள்தான் பார்த்துக்கொள்கிறாள்.

எங்கள் நிறுவனத்தைப் பெரிய நிறுவனம் ஒன்று வாங்கிவிட்டது. இப்போது நான் வேலை செய்யும் இடத்தில் ரவுட்டர்கள் பளபளவென்று இருக்கின்றன. உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று யாருக்கும் காட்டமாட்டார்கள். போன மாதம் அக்கா வந்திருந்தபோது, "அந்த ரூம் இன்னும் இருக்காடி?" என்றாள். போனோம். டயர் கடை இருந்தது. மாடியில் தையல் வகுப்பு. வரிசையாக இயந்திரங்கள் தடதடத்துக்கொண்டிருந்தன.

"சேர வந்தீங்களா?" என்று கேட்டார் தையல் டீச்சர்.

"இல்லங்க, சும்மா பாக்க வந்தோம். இங்கதான் என் தங்கச்சி என்னத் தோக்கடிச்சா" என்றாள் அக்கா, ஏதோ பரிசு வாங்கியவள்போல.

"என்ன விளையாட்டு?"

அக்கா கொஞ்சம் யோசித்தாள். "உட்காந்து சொல்லணும்" என்றாள். டீச்சர் இரண்டு முக்காலிகளை இழுத்துப் போட்டார்.