மேற்கே சாய்ந்த தட்டுகள்

மூத்த மகள் வீட்டை விட்டுப் போன மறுநாள் காலையில், அந்த வீட்டின் ஐந்து அலமாரித் தட்டுகளும் இரண்டு படங்களும் ஒரு கண்ணாடியும் மேற்குப் பக்கமாக ஒரு விரற்கடை சாய்ந்திருந்தன. மேற்கே நாலு தெரு தள்ளித்தான் அவள் குடியிருந்தாள், ஜன்னல் பழுதுபார்க்க வந்த தச்சனோடு. அவளுடைய அப்பா பதிவு அலுவலகத்தில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். அன்று முதல் சுத்தியல் பிடிக்கும் எவனையும் அவர் வாசற்படி ஏறவிடவில்லை. வீட்டு வேலை எல்லாவற்றையும் தாமே செய்தார். நன்றாகவே செய்தார் என்பதை அவரைப் பிடிக்காதவர்களும் ஒப்புக்கொள்வார்கள்.

ஆணியைச் சீப்பின் பற்களுக்கு இடையே நிறுத்தி அடித்தால் விரல் நசுங்காது. ஸ்க்ரூவைச் சோப்பில் தேய்த்துக்கொண்டால் மரத்துக்குள் வழுக்கிக்கொண்டு இறங்கும். தளர்ந்த துளையில் பசை தடவிய தீக்குச்சியைச் செருகி ஒடித்துவிட்டால் ஸ்க்ரூ பழையபடி கவ்வும். நீளக் குழாயில் தண்ணீர் நிரப்பி, இரு முனையிலும் நீர் ஒரே உயரத்தில் நிற்கிறதா என்று பார்த்து, தினமும் காலையில் தட்டுகளை மட்டமாக்குவார். சாயங்காலத்துக்குள் அவை மறுபடி மேற்கே சாய்ந்திருக்கும். இப்படி ஆறு வருஷம்.

சின்னவளுக்குச் சம்பந்தம் பேச வந்தவர்கள் முன்னால் டம்ளர் ஒன்று மேஜையில் தானாக நகர்ந்து மேற்கு ஓரத்தில் விழுந்தது. பையனின் அம்மா அதை எடுத்து வைத்து, "உங்க வீட்டுல டம்ளர்கூட சொல்லாமக் கொள்ளாமதான் போகும்போல," என்றாள். சம்பந்தம் கூடவில்லை. அவர் மேஜையின் நாலு கால்களையும் தரையோடு சேர்த்து முடுக்கினார்.

ஏழாம் வருஷம், மூத்தவள் எழுந்திருக்க முடியாமல் படுத்துவிட்டாள் என்று செய்தி வந்தது. அந்த வாரம் சாய்வு நாலு விரற்கடையானது. அதுவரை மனைவி அந்தப் பேச்சை எடுத்தவளில்லை.

"ஏங்க, எல்லாம் அவ பக்கமாத்தான் சாயுது. ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வந்துடுவோமே."

"தீக்குச்சி நமுத்துப்போச்சு," என்றார் அவர். "பிடி இல்ல. வேற ஒண்ணுமில்ல."

தீக்குச்சிக்குப் பதில் மூங்கில் சிராய் செருகினார். வாசல் கதவு தானாகத் திறந்துகொள்ளப் பார்த்ததால் அடியில் ஆப்பு வைத்து அடித்தார். அதை அசைக்க மனைவியின் கைக்குப் பலம் போதவில்லை.

நாலாம் நாள் பதினோரு மணிக்கு எல்லாம் தாமாக நிமிர்ந்தன. அவர் குழாயை வைத்துப் பார்த்தார். நூலளவு பிசகில்லை. மத்தியானம் தச்சன் வந்து ஜன்னலுக்கு வெளியே நின்று, பதினோரு மணிக்குப் போய்விட்டாள் என்றும், கடைசிவரை கண் வாசலிலேயே இருந்தது என்றும் சொன்னான். அவர் குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"மூங்கில்தான் சரி," என்று மனைவியிடம் சொன்னார். ஆப்பை மறுநாள்தான் எடுத்தார்.

அதன்பின் அந்த வீட்டில் எதுவும் சாயவில்லை, மனைவியைத் தவிர. நின்றாலும் நடந்தாலும் மேற்கே நாலு விரற்கடை சாய்ந்தே இருந்தாள். அவர் அவளைச் சுவரோரம் நிறுத்தி, தோளோடு தோள் குழாயைப் பிடித்து அளந்தார். பலகைத் துண்டு ஒன்றை இழைத்து அவளுடைய ஒரு செருப்புக்கு அடியில் வைத்து, சின்ன ஆணிகளைச் சீப்பில் நிறுத்தி அடித்தார். இப்போது நேராகத்தான் நிற்கிறாள்.