வாழை கட்டிய ஜீப்

ஜீப்புக்கு அடியிலிருந்து கார்முகில் மல்லாந்தபடியே ஊர்ந்து வெளியே வந்தான். சட்டை முதுகெல்லாம் செம்மண். பக்கத்து ஊரான வடக்குத்தில் ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவன். பழைய ஜீப் என்றால் இந்தச் சுற்றுவட்டாரத்தில் எல்லோரும் அவனைத்தான் தேடிப் போவார்கள். வாசல்படியில் உட்கார்ந்திருந்த தங்கராசு, கட்டுப்போட்ட இடது தோளைப் பிடித்துக்கொண்டு, பரீட்சை ரிசல்ட் பார்க்க வந்தவன் மாதிரி அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"தேறும்ணே," என்றான் கார்முகில்.

தங்கராசுவின் மனைவி தனத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தேறாது, எடைக்குப் போட்டுவிடுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லித் தொலைத்திருந்தால் இந்த வீட்டுச் சண்டை அத்தோடு முடிந்திருக்கும். ஊரில் எத்தனையோ மெக்கானிக்குகள் நல்ல வண்டியையே தேறாது என்கிறார்கள். இவனுக்கு மட்டும் இன்றைக்கென்று பார்த்துத் தொழில் சுத்தம்.

"சேஸ் முன்னாடி வளைஞ்சி கெடக்கு, இழுத்து நிமித்திடலாம். இன்ஜின் வேற போடணும். ஸ்டியரிங் பாக்ஸ் போச்சி, பானட்டு அப்பளம். ஆனா பின்னாடி ஆக்ஸில், ஃபோர் வீல், எதுவும் ஆவல. ஊம்னு சொல்லுங்க, நாளைக்கே கட்டி இழுத்துக்கினு போயிடறேன்."

"இழுத்துக்கினு போ," என்றான் தங்கராசு.

"நாளைக்குச் சொல்றோம்," என்றாள் தனம்.

கார்முகில் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். அவனும் கல்யாணம் ஆனவன்தான். ஸ்பேனர்களை வாரிப் பையில் போட்டுக்கொண்டு பைக்கை எடுத்தான்.

அந்த ஜீப்புக்கு வயது இருபத்தாறு. ஏசி போட்ட புது வண்டிகள் எல்லாம் வெயில்காலத்து மாப்பிள்ளைகள். நாலு நாள் மழை பெய்து நிலக்கரி மைன்ஸுக்குள் பாதை சகதியானால் பாதி வழியில் படுத்துக்கொள்ளும். இது மட்டும் உறுமிக்கொண்டே அடிமட்டம் வரை இறங்கும், தண்ணீர் இறைக்கும் பம்ப் ஆட்களைச் சுமந்துகொண்டு. மேல்மண் எடுக்கும் கான்ட்ராக்ட் கம்பெனி ஒன்று அதற்காகத்தான் வண்டியையும் ஆளையும் சேர்த்து வைத்திருந்தது. டவுன்ஷிப்பில் அவனுக்கு ஜீப் தங்கராசு என்று பெயர். தனம் செத்துப்போன அப்பாவின் வேலைக்கு வந்தவள், சுரங்க நிர்வாகத்தில் ஆபீஸ் அட்டெண்டர், பர்மனென்ட். பத்தொன்பதாம் பிளாக்கில் இருக்கும் இந்த இரண்டு ரூம் குவார்ட்டர்ஸ் அவள் பெயரில் வந்தது.

மைன்ஸில் இறங்கும் சின்ன வண்டி எதுவானாலும் உயரமான கம்பத்தில் சிவப்புக் கொடி கட்டியிருக்க வேண்டும். டம்ப்பர் என்கிற ராட்சத மண் லாரியை ஓட்டுகிறவன் மாடி வீட்டு உயரத்தில் உட்கார்ந்திருப்பான். அங்கிருந்து பார்த்தால், பக்கத்தில் நிற்கும் ஜீப் வாசலில் கழற்றிப்போட்ட செருப்பு மாதிரி. அவன் கண்ணுக்குப் படுவது அந்தக் கொடி ஒன்றுதான்.

ஆயுத பூஜைக்கு முதல் நாள், கரி பிடித்துக் கறுத்துப் போயிருந்த கொடியைக் கழற்றி, சோப்புப் போட்டுத் துவைத்துப் பின்பக்க வேலியில் காயப்போட்டவள் தனம்தான். கம்பம் நிற்க வேண்டிய குழாயில் தங்கராசு ஒரு முழு வாழைக்கன்றைச் செருகிக் கட்டினான். சந்தனம், குங்குமம், பூசணிக்காய், பொரிகடலை எல்லாம் நிறைவாக நடந்தது. மறுநாள் காலை முதல் ஷிஃப்டுக்குக் கிளம்பும்போது அவள் கொடியைக் கொண்டுவந்து நீட்டினாள்.

"சாமிக்குக் கட்டின வாழைய மறுநாளே அவுப்பாங்களா? அதுவா வாடி வுழட்டும்," என்றான் அவன். "கம்பத்து ஒசரம் இருக்குதே, தெரியாமயா பூடும்?"

சரிதான் என்று அவளுக்கும் பட்டது. டவுன்ஷிப் முழுக்க வண்டிகள் ஒரு வாரத்துக்கு அந்த வாழையோடுதான் திரியும். யார் போய் அவிழ்க்கிறார்கள்? கொடியை மடித்துப் பீரோவில் வைத்துவிட்டு அவள் ஆபீசுக்குப் போனாள். கான்ட்ராக்ட் கம்பெனி யார்டில், தினமும் தரும் தாளில், பிரேக் சரி, ஹாரன் சரி, கொடி சரி என்று தங்கராசு வழக்கம்போல டிக் போட்டான். நிமிர்ந்து பார்க்க வேண்டியவனும் வழக்கம்போல நிமிராமல் வாங்கி வைத்தான்.

மண் கொட்டும் மேட்டில் ஜீப் நின்றிருந்தபோது, அதே கம்பெனியில் டம்ப்பர் ஓட்டும் அப்துல் வஹீத் வண்டியைப் பின்னால் எடுத்தான். மேலிருந்து பார்த்தவனுக்குப் பச்சையாக ஏதோ ஆடியது. மண்மேட்டில் முளைத்த செடி என்று நினைத்தான். தங்கராசு அடித்த ஹாரன் அந்த இரைச்சலில் யார் காதிலும் விழவில்லை. கதவைத் திறந்து குதித்ததில் தோள்பட்டை எலும்பு முறிந்தது. நிமிர்ந்து பார்த்தபோது டம்ப்பரின் பின்சக்கரம் ஜீப்பின் முகத்தில் ஏறி உட்கார்ந்திருந்தது.

இரண்டாம் நாள் கம்பெனி சூப்பர்வைசர் இளவழகன் ஆப்பிளோடு வந்தான். அவன் குரல் எப்போதுமே வெண்ணெய். "கொடி இருந்திச்சில்லண்ணே," என்றான். அதில் கேள்வி இல்லை. தங்கராசு தலையை ஆட்டினான். டைப் அடித்த தாளை இளவழகன் மேஜைமேல் வைத்தான். கொடி இருந்தது, ஆபரேட்டர் பின்னால் பார்க்காமல் எடுத்தான் என்று அதில் இருந்தது. நாலு நாளில் விசாரணை, அங்கே கையெழுத்துப் போட்டால் போதும். இன்ஷூரன்சில் ஜீப்பை முழுசாகப் புதுப்பித்துவிடலாம், மைன்ஸுக்குள் வண்டி போகிற பாஸும் தொடரும். கொடி இல்லை என்று ஆனால், அதைக் கவனிக்காமல் அனுப்பிய யார்டுக்குத் தலைவலி. தங்கராசுக்கு பாஸ் கேன்சல். இந்த வயதுள்ள வண்டிக்கு இன்னொரு பாஸ் இந்த ஜென்மத்தில் கிடைக்காது. "பாய் வேற எடம் பாத்துக்குவாரு," என்று போகிற போக்கில் சொல்லிவிட்டு, ஆப்பிளைக் கழுவிச் சாப்பிடச் சொல்லிவிட்டுப் போனான்.

அந்த ஆப்பிளை அப்படியே குப்பையில் கொட்டினாள் தனம். அன்றிலிருந்து வீட்டில் பாத்திரங்கள்தான் பேசின.

இன்றைக்கு ஐந்தாம் நாள். கார்முகிலின் பைக் சத்தம் தெரு முனை தாண்டுவதற்குள் அவள் ஆரம்பித்துவிட்டாள்.

"நாளைக்கி கையெழுத்துப் போடப் போறீங்களா?"

"மெதுவாப் பேசு."

"நான் ஏன் மெதுவாப் பேசணும்? கொடி பீரோவுல இருக்குது. எடுத்துக்கினு வந்து காட்டட்டுமா?"

"உனக்கென்னடி? நீ பர்மனென்ட். வூடு உன் பேர்ல, ஆஸ்பத்திரி கார்டு உன் பேர்ல. நான் இருபத்திரண்டு வருஷமா கான்ட்ராக்ட். என் பேர்ல இருக்கறது அந்த வண்டி ஒண்ணுதான். அதுவும் போயிட்டா நான் யாரு? தனம் வூட்டுக்காரன். அவ்ளோதான்."

அவன் சொன்னது உண்மை. பிளாக்கில் பால்காரன் முதல் எல்லோரும் இந்த வீட்டை தனம் வீடு என்றுதான் சொல்வார்கள். உண்மையாக இருந்ததால் அவளுக்கு ஆத்திரம் இரண்டு மடங்கானது.

"யோவ்!" என்றாள். இத்தனை வருஷத்தில் அவள் வாயில் அந்த வார்த்தை வந்ததில்லை. "அதுக்கு அந்த மனுஷன் பொழப்புல மண்ணப் போடுவியா? அவரும் கான்ட்ராக்ட்தானே? மூணு புள்ளைங்க இருக்குதுய்யா!"

"நான் பொழைச்சி வந்திருக்கேன். அத நெனைச்சிப் பாத்தியா நீ?"

"பொழைச்சி வந்ததாலதான் கேக்கறேன். செத்திருந்தா உங்கிட்ட யாரும் இந்தப் பொய்யக் கேட்டிருக்க மாட்டாங்க."

அவன் எழுந்து உள்ளே போய்ப் படுத்துக்கொண்டான். இன்னும் நாலு வார்த்தை நாக்கில் மிச்சம் இருந்தது அவளுக்கு. யார்மேல் கொட்டுவது என்று தெரியாமல் நசுங்கிய ஜீப்பைப் பார்த்து, "சனியனே," என்றாள்.

அந்த நேரம் பார்த்து கேட் திறந்தது. வஹீதின் மனைவி நசீமா, கையில் டிபன் கேரியரோடு நின்றாள்.

"அண்ணனுக்கு ஆட்டுக்கால் சூப்புக்கா. எலும்பு கூடறதுக்கு நல்லது."

தனம் வாங்கி வைத்தாள். உட்காரச் சொன்னாள். சண்டை போட வந்திருந்தால் தேவலை என்றிருந்தது. நசீமா முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

"பாய் எப்பிடி இருக்காரு?"

"வாசல்லயே நிக்கறாருக்கா. எதுத்த குவார்ட்டர்ஸ் நம்பரப் படிக்கறாரு. ஒரு கண்ண மூடிக்கினு ஒருவாட்டி, இன்னொரு கண்ண மூடிக்கினு ஒருவாட்டி. கடலூர் போயி டெஸ்ட்டும் பண்ணிக்கினு வந்தாரு. டாக்டரு ஒண்ணும் இல்லங்கறாரு, இவரு நம்பல."

"ஏன் நம்பல?"

"கொடி இல்லன்னுதான் மொதல்ல சொன்னாரு. அண்ணன் இருந்திச்சின்னு சொல்றாருன்னு சூப்பர்வைசர் வந்து சொன்னதும் அப்பிடியே ஒக்காந்துட்டாரு. தங்கராசு அண்ணன் பொய் சொல்றவரு இல்ல, அப்ப எனக்குத்தான் கண்ணு தெரியல, ஒரு உசுரக் கொன்னுருப்பேன்னு அழுவறாரு. நாளைக்கி தன் தப்புதான்னு எழுதிக் குடுக்கப் போறாராம். இனிமே வண்டியே தொட மாட்டாராம். மேல்பட்டாம்பாக்கத்துல எங்கம்மா வூட்டுப் பக்கம் போயி எதுனா கடை வச்சிக்கலாம்ங்கறாரு."

உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. அவன் எழுந்து உட்கார்ந்துவிட்டான் என்று தனத்துக்குத் தெரிந்தது. வரட்டும், வந்து சொல்லட்டும் என்று காத்திருந்தாள். வரவில்லை. அதற்குமேல் அவளால் முடியவில்லை.

"அவரு கண்ணு நல்லாத்தான் இருக்குது நசீமா. கொடி இல்ல. வாழைதான் கட்டியிருந்திச்சி. கொடியத் தொவைச்சி மடிச்சி வச்சது நான்தான்."

சொல்லி முடித்ததும் ஒரு பாரம் இறங்கினாற்போல் இருந்தது. நசீமா கையைப் பிடித்துக்கொண்டு அழுவாள், தானும் அழலாம் என்றுகூட நினைத்தாள். நசீமா அழவில்லை.

"எப்பலேர்ந்து தெரியும்க்கா?"

தனம் கேரியர் மூடியை அழுத்தி மூடினாள்.

"முந்தாநேத்து மார்க்கெட்ல பாத்தோமே. வெங்காயம் பொறுக்கிக்கினு நின்னீங்க. பாய் எப்பிடி இருக்காருன்னு கேட்டீங்க. கண்ணுல ஏதோ கோளாறுன்னு நான் சொன்னேன். நல்ல டாக்டரா பாருன்னு சொன்னீங்க."

சொன்னாள்தான். சொல்லிவிட்டு, புருஷன்மேல் வந்த கோபத்தில் வழியெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தாள். நாலு நாளாகப் பொங்கிய கோபம் எல்லாம் இந்த நாலு சுவருக்குள்ளேதான் பொங்கியிருக்கிறது. வாசல்படி தாண்டி ஒரு வார்த்தை போகவில்லை. அவன் ஜீப்பைக் காப்பாற்றப் பொய் சொன்னான்; இவள் புருஷனைக் காப்பாற்ற வாயை மூடிக்கொண்டிருந்தாள். தன்மேலேயே காறித் துப்பலாம் போல இருந்தது அவளுக்கு.

தங்கராசு வெளியே வந்தான். நசீமாவின் முகத்தைப் பார்க்காமல் போனை எடுத்து அழுத்தினான். ஒற்றைக் கையால் காதில் வைக்கத் தடுமாறி, ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்தான்.

"சொல்லுங்கண்ணே," என்றது வஹீதின் குரல், மணி இரண்டு தடவை அடிப்பதற்குள். "தோள் வலி கொறைஞ்சிச்சா?"

"வஹீது... கொடி இல்லடா. நான் கட்டல. இருந்திச்சின்னு சொன்னது பொய்யி."

யாரோ குழந்தை பாடம் படிப்பது மட்டும் தூரத்தில் கேட்டது.

"அப்ப," என்றான் வஹீத், "எனக்குக் கண்ணு தெரியுதாண்ணே?"

"தெரியுதுடா. நல்லாத் தெரியுது," என்றான் தங்கராசு.

நசீமா போனை எடுத்தாள். "நான் வந்துக்கினு இருக்கேன். இவங்ககிட்ட இதுக்குமேல பேசாதீங்க," என்று சொல்லி அணைத்துவிட்டு, திரும்ப மேஜைமேல் வைத்தாள்.

"நாளைக்கி ஆபீசுல சொல்லிடறேம்மா," என்றான் தங்கராசு. "வண்டி போவட்டும். எடைக்குப் போட்டுடறேன்."

"வண்டி கதைய எங்கிட்ட சொல்லாதீங்கண்ணே," என்றாள் நசீமா. குரல் உயரவே இல்லை. "நாலு நாளா எம்புருஷன் எங்க மூஞ்சியக்கூட நம்பாம தடவிப் பாத்துக்கினு இருக்காரு. அதுக்கு எத எடைக்குப் போடுவீங்க?"

செருப்பை மாட்டினாள். கேட்டருகே போனவள் திரும்பாமலேயே, "சூப்பு ஆறிடும். குடிச்சிடுங்க," என்றாள்.

இரண்டு பேரும் கேட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு தனம் கேரியரைத் திறந்து, கிண்ணத்தில் ஊற்றி, அவன் முன்னால் வைத்தாள். அவன் தொடவில்லை.

"குடிங்க," என்றாள்.

"எப்பிடிடி குடிக்கறது?"

"குடிச்சித்தான் ஆவணும். காலைல பத்து மணிக்கு விசாரணையில எழுந்து நிக்கணுமில்ல." அவள் குரல் உடைந்தது, அதற்கும் அவளுக்குக் கோபம்தான் வந்தது. "நானும் லீவு போட்டுட்டு வரேன். தெரிஞ்சே நாலு நாள் வாய மூடிக்கினு இருந்தேன்னு நானும் எழுதிக் குடுக்கணும்."